குளத்தில் தப்பும் வாயு: ஒரு தோட்டப்புற ஊரிலிருந்து தேசிய மின் கரிமநீக்கத் திட்டத்தைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவை எங்கள் பெற்றோர் தலைமுறையினர் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். பெயர் மாறியது 2007இல். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்த ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் மலேசிய மின்சாரத்தின் வரலாறு முழுவதையும் பார்த்துவிடலாம். கிழக்கே ரவாங்கில்தான் 1894இல், பத்துமலைத் திருத்தலத்தோடு பெயர் சேர்ந்த தம்புசாமிப் பிள்ளையும் தொழிலதிபர் லோக் யூவும் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக மலாயாவின் முதல் மின்னாக்கியை இயக்கினார்கள். ரவாங்கிற்குப் போகும் வழியை ஒட்டிய பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டி எடுக்கப்பட்டது. தெற்கே காப்பார் கடற்கரையில் 2,420 மெகாவாட் திறனுடன் கட்டப்பட்ட அனல்மின் நிலையம் நிற்கிறது. அதில் எரியும் நிலக்கரி இப்போது உள்ளூர்ச் சுரங்கத்திலிருந்து வருவதில்லை; கப்பலில் வருகிறது.

இவை மூன்றுக்கும் நடுவே, சாலையிலிருந்து பார்த்தால் வெள்ளை நீராவி மட்டுமே தெரியும்படி, செம்பனைப் பழக் குலைகளிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் பின்புறம் வரிசையாகக் கழிவுநீர்க் குளங்கள் உண்டு. தீபகற்ப மலேசியாவில் செம்பனை வளரும் எந்த ஊருக்கும் இந்த அமைப்பு பொருந்தும். மின்துறையைக் கரிமத்திலிருந்து விடுவிப்பதற்கான தேசியத் திட்டங்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஆலைகளை எரிபொருள் மூலமாகக் கருதி வந்திருக்கின்றன. அந்தக் கருத்து எந்த அளவுக்கு நிறைவேறியது, நிறைவேறாத பகுதிக்குக் காரணம் என்ன, இனி எதை அளக்க வேண்டும் என்பதே இந்த ஆய்வின் பொருள். குறிப்பிட்ட ஓர் ஆலையை நான் இங்கே விசாரிக்கவில்லை. நடுத்தர அளவுள்ள மாதிரி ஆலை ஒன்றை எடுத்துக்கொண்டு, துறையில் அனைவரும் பயன்படுத்தும் விகிதங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறேன்.

நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மாலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். பாட்டி அதற்குள் மறுநாளைக்கு அரைக்க வேண்டியதை அரைத்து வைத்துவிடுவார். அதே நேரத்தில் அரை மைல் தள்ளியிருந்த ஆலையில் இரவு முழுவதும் விளக்கெரிந்துகொண்டிருந்தது. ஏனென்றால் ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே செய்துகொண்டது. பழம் பிழிந்த பின் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில் விசையாழியைச் சுற்றி, பின்னர் அதே நீராவியைக் குலைகளை அவிக்கவும் பயன்படுத்துவது செம்பனை ஆலைகளின் பழைய வழக்கம். ஆக, உயிர்க்கழிவிலிருந்து மின்சாரம் என்பது தோட்டத்திற்குப் புதிய செய்தி அன்று. அந்த மின்சாரம் ஆலையின் வேலிக்கு வெளியே வருவதற்குத்தான் வழி இல்லாமல் இருந்தது.

முதல் முயற்சி: 2001

எண்ணெய் விலை அதிர்ச்சிகளுக்குப் பின்னர் 1981இல் வகுக்கப்பட்ட நான்கு எரிபொருள் கொள்கை, எண்ணெயைக் குறைத்து எரிவாயு, நீர்மின்சாரம், நிலக்கரி ஆகியவற்றைப் பெருக்கியது. எட்டாவது மலேசியத் திட்டம் 2001இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை ஐந்தாவது எரிபொருளாகச் சேர்த்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் சிறு புதுப்பிக்கத்தக்க மின் உற்பத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. பத்து மெகாவாட் வரை மின்கட்டமைப்பிற்கு விற்கலாம். உரிமம் 21 ஆண்டுகளுக்குச் செல்லும். 2005க்குள் நாட்டு மின்சாரத்தில் ஐந்து விழுக்காட்டை, அதாவது 500 மெகாவாட்டை, இவ்வழியில் பெறுவது இலக்கு. அதில் பெரும்பகுதி செம்பனைக் கழிவிலிருந்து வரும் என்றே எதிர்பார்க்கப்பட்டது.

2005 முடிந்தபோது கட்டமைப்பில் சேர்ந்திருந்தது 12 மெகாவாட். சபாவில் செம்பனைக் கழிவை எரிக்கும் ஒரு நிலையம் 10 மெகாவாட்டும், பூச்சோங்கில் குப்பைமேட்டு வாயுவைக் கொண்டு இயங்கிய ஒரு நிலையம் 2 மெகாவாட்டும் தந்தன. தீபகற்பத்தின் செம்பனை ஆலைகளிலிருந்து ஏறத்தாழ ஒன்றுமே வரவில்லை.

இந்தத் தோல்விக்கு எரிபொருள் இல்லாமை காரணம் அன்று. ஒரு டன் குலையை ஆலைக்குள் அனுப்பினால் காய் உதிர்ந்த வெறுங்குலையே சுமார் 220 கிலோ வெளியே வரும். முதல் காரணம் விலை. ஒரு யூனிட்டுக்கு 14 முதல் 17 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்) வரைதான் தரப்பட்டது; அக்காலத்து எரிவாயு மானிய விலையில் கிடைத்ததால் அதோடு போட்டியிட்டுத் தீர வேண்டியிருந்தது. விலை பின்னர் உயர்த்தப்பட்டபோது முதலீட்டாளர்களின் ஆர்வம் கலைந்துவிட்டிருந்தது. இரண்டாவது காரணம் எரிபொருளின் இயல்பிலேயே இருக்கிறது. வெறுங்குலையில் பாதிக்கு மேல் ஈரம். அதைக் கிழித்து, பிழிந்து, உலர்த்தி எரித்தாலும், அதிலுள்ள பொட்டாசியம் சாம்பலின் உருகுநிலையைக் குறைத்துவிடுவதால் கொதிகலன் குழாய்களில் கண்ணாடிபோலக் கட்டி படிகிறது. கொதிகலனை அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். நிறுத்திய நாளில் வருமானம் இல்லை.

மூன்றாவது காரணத்தைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். கழிவு என்பது விலை இல்லாத வரைதான் கழிவு. அந்தப் பொட்டாசியமே மண்ணுக்கு உரம் என்பதால் வெறுங்குலையை மரத்தடியில் பரப்புவது தோட்டங்களுக்கு இலாபம். கொட்டை ஓட்டுக்கோ, ஜப்பான் 2012இல் தன் நிர்ணய விலைத் திட்டத்தை, அதாவது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை முன்கூட்டியே நிர்ணயித்த விலைக்கு வாங்கும் திட்டத்தை, தொடங்கிய பின் வெளிநாட்டுச் சந்தையே திறந்துவிட்டது. அங்குள்ள மின்நிலையங்கள் அதை வாங்கி எரிக்கின்றன. மின்நிலையம் கட்டுகிறவர் வங்கியிடம் போனால், பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு எரிபொருள் தருவதாக ஆலையின் ஒப்பந்தம் எங்கே என்று வங்கி கேட்கும். நாளைக்கு என்ன விலை போகும் என்று தெரியாத பொருளுக்கு எந்த ஆலையும் அப்படிக் கையெழுத்திடாது. ஆகவே திடக்கழிவைப் பற்றிய நம்பிக்கை 2001இல் இருந்த அளவுக்கு இன்று இருக்க நியாயமில்லை என்பது என் கருத்து. ஜொகூரின் தஞ்சோங் பின் நிலையத்தில் நிலக்கரியோடு உயிர்க்கழிவைக் கலந்து எரிக்கும் முயற்சிக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும்.

குளத்துக் கணக்கு

கழிவுநீரின் கதை வேறு. அதை யாரும் விலைக்குக் கேட்பதில்லை.

குலையை அவிக்கவும் எண்ணெயைப் பிரிக்கவும் பயன்பட்ட நீர், ஒரு டன் குலைக்கு 0.65 கன மீட்டர் என்ற அளவில், கொதிக்கும் சூட்டோடு பழுப்பாக வெளியேறுகிறது. 1977ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகளுக்கு முன்னர் இது ஆறுகளில் கலந்து மீன்களைக் கொன்றது. அந்த விதிமுறைகள் வெளியேற்றும் நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (நீரிலுள்ள கரிமக் கழிவின் அளவுகோல் இது) லிட்டருக்கு 5,000 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக, 1984க்குள் 100க்கு இறக்கச் சொன்னன. அதற்கு ஆலைகள் கண்டுபிடித்த மலிவான வழிதான் ஆழமான திறந்த குளங்கள். காற்றில்லாத அடியில் நுண்ணுயிர்கள் கழிவைச் செரித்து நீரைத் தெளிய வைக்கின்றன. ஆற்றுக்கு நன்மை செய்த அதே ஏற்பாடு, கழிவின் கரிமத்தை மீத்தேனாக்கி வானத்திற்கு அனுப்பத் தொடங்கியது. குளத்தின் மேல் எழும் குமிழிகளைச் சிறுவர்களாக நாங்கள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்; அந்த நாற்றத்தை ஊரே அறியும். மீத்தேனுக்கு நிறமும் மணமும் இல்லை என்பதை நான் பின்னாளில்தான் படித்தேன். நாற்றம் அதனோடு வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் உடையது.

ஆண்டுக்கு 2,00,000 டன் குலை அரைக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். கழிவுநீர் 1,30,000 கன மீட்டர். மூடிய தொட்டியில் செரிக்க வைத்தால் ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் உயிர்வாயு கிடைக்கும். மொத்தம் 36 லட்சம் கன மீட்டர். அதில் அறுபது விழுக்காடு மீத்தேன். இதை வாயு எஞ்சினில் எரித்தால், பழுதுபார்ப்பு நாட்களைக் கழித்த பின், ஆண்டுக்கு ஏறத்தாழ 70 லட்சம் யூனிட் மின்சாரம் ஆகும். மாதம் 300 யூனிட் செலவழிக்கும் குடும்பங்கள் 1,900க்கு மேல் அதைக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழலாம். ஒரு தோட்டப்புற ஊருக்கு இது பெரிய அளவு.

இதையே தேசியத் திட்டத்தின் கண்ணால் பார்த்தால் வெறும் ஒரு மெகாவாட் எஞ்சின். நாட்டிலுள்ள சுமார் 450 ஆலைகளும் இப்படிச் செய்தால்கூடக் காப்பார் நிலையம் ஒன்றின் திறனுக்கு ஈடாகாது. ஆகவே நிலக்கரியை விரட்டும் வேலையை உயிர்வாயுவிடம் ஒப்படைக்க முடியாது. அந்த வேலை சூரிய ஒளிக்கும் நீர்மின்சாரத்திற்கும் மின்சேமிப்பிற்கும் உரியது.

ஆனால் கணக்கை இங்கே நிறுத்தினால் முக்கியமானதை விட்டுவிடுவோம். தீபகற்பத்துக் கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரம் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயுவைச் சுமந்து வருகிறது. மேற்சொன்ன 70 லட்சம் யூனிட் அந்த மின்சாரத்திற்குப் பதிலாக வந்தால் மிச்சமாவது ஏறத்தாழ 5,000 டன். குளத்திலிருந்து தப்பாமல் பிடிக்கப்பட்ட மீத்தேனோ 1,400 டன்னுக்கு மேல். நூறு ஆண்டு அளவில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பதாகக் கொண்டால் அது 40,000 டன்னுக்குச் சமம். திறந்த குளம் மூடிய தொட்டியளவு மீத்தேனைத் தராது என்று சொல்லிப் பாதியைத் தள்ளிவிட்டாலும், குளத்தை மூடுவதால் வரும் நன்மை மின்சாரத்தால் வரும் நன்மையைப் போல நான்கு மடங்காக நிற்கிறது. எஞ்சினே இல்லாமல் வாயுவைக் கொளுத்திவிட்டாலும் இந்த நான்கு மடங்கில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மெகாவாட்டை மட்டும் எண்ணும் திட்டத்தில் இந்தப் பெரும்பகுதிக்கு வரிசையே இல்லை.

நிர்ணய விலை வந்த பின்

2011ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டமும், அதோடு பிறந்த நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமும் முதல் முயற்சியின் தவறுகளில் பலவற்றைத் திருத்தின. விலை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. நான்கு மெகாவாட் வரையிலான உயிர்வாயு நிலையத்திற்கு அடிப்படை விலை யூனிட்டுக்கு 32 சென், 16 ஆண்டுகளுக்கு. எஞ்சின் திறமைக்கும் வேறு சிலவற்றிற்கும் கூடுதல் சென்கள். இதற்கான பணம் மின்கட்டணத்தின் மேல் முதலில் ஒரு விழுக்காடும் 2014 முதல் 1.6 விழுக்காடும் வசூலித்துத் திரட்டப்பட்டது. மாதம் 300 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு அந்த வசூல் கிடையாது. ஏழைக் குடும்பத்தின் தலையில் பாரத்தை ஏற்றாத இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2014 ஜனவரி முதல், புதிய ஆலைகளும் உற்பத்தியை விரிவாக்கும் ஆலைகளும் மீத்தேனைப் பிடித்தாக வேண்டும் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது.

இதனால் உயிர்வாயு நிலையங்கள் கட்டப்பட்டன. ஆனால் 2020க்குள் எல்லா ஆலைகளிலும் என்றிருந்த தேசிய இலக்கு எட்டப்படவில்லை. பெரும்பான்மை ஆலைகள் திறந்த குளங்களோடுதான் அந்த ஆண்டைக் கடந்தன. பழைய ஆலை விரிவாக்கம் கேட்காத வரையில் அந்த விதி அதைத் தொடவில்லை. அதற்கும் மேல், கம்பி என்ற தடை இருந்தது.

தோட்டங்களுக்கு வரும் 11 கிலோவோல்ட் கம்பி, துணை மின்நிலையத்திலிருந்து நெடுந்தூரம் ஓடி, வழியிலுள்ள லயங்களுக்கும் சிற்றூர்களுக்கும் கொடுத்துவிட்டு, ஆலையருகே மெலிந்து முடிவது. மின்சாரம் ஒரு பக்கமிருந்து போவதற்காகப் போடப்பட்ட கம்பி அது. அதன் நுனியில் ஓர் எஞ்சினை வைத்து எதிர்ப்பக்கம் தள்ளினால், நள்ளிரவில் ஊர் உறங்கும்போது மின்சாரத்தை வாங்க ஆளின்றி அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும். அதைத் தாங்கும்படி கம்பியைப் பெருக்கவோ துணை மின்நிலையம்வரை தனிக் கம்பி இழுக்கவோ ஆகும் செலவு திட்டத்தைத் தொடங்குகிறவரின் தலையில் விழுகிறது. நகரத்தருகே உள்ள ஆலைக்கு இது சிறு செலவு. உள்ளே இருக்கும் ஆலைக்கு, அதாவது மின்சாரம் மிகவும் தேவைப்பட்ட ஊர்களை ஒட்டியிருக்கும் ஆலைக்கு, இது திட்டத்தையே கைவிடச் செய்யும் செலவு. ஆலையின் கழிவும் பருவத்தோடு ஏறி இறங்குவது. ஆண்டின் தொடக்க மாதங்களில் குலை குறைந்தால் சில நாட்களில் வாயுவும் குறையும். சல்ஃபைடைக் கழுவி நீக்காத வாயு எஞ்சினை அரித்துவிடும் என்பதால் அதற்கும் ஒரு கருவி, ஓர் ஆள், ஒரு செலவு வேண்டும்.

இடையில் ஒரு காலகட்டம் மட்டும் வேறு அளவுகோலைப் பயன்படுத்தியது. கியோட்டோ உடன்படிக்கையின் தூய மேம்பாட்டு ஏற்பாட்டின்கீழ் 2005க்குப் பின் மலேசியச் செம்பனை ஆலைகள் பல, பிடித்த மீத்தேனுக்கே கரிமச் சான்றிதழ் பெற்று, அதை வெளிநாட்டிற்கு விற்றுப் பணம் பெற்றன. கட்டமைப்பு எவ்வளவு தொலைவு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. குளம் மூடியதா என்றுதான் கேட்டார்கள். 2012 முடிவதற்குள் அந்தக் கரிமச் சான்றிதழின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே சரிந்தது. அத்துடன் வானத்திற்குப் போகாத வாயுவுக்கு விலை கொடுப்பவர் இல்லாமல் போனார்.

எழுபது விழுக்காடு என்பதன் பொருள்

2021 இறுதியில் வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வரைவுத்திட்டம் 2025க்குள் 31 விழுக்காட்டையும் 2035க்குள் 40 விழுக்காட்டையும் இலக்காக வைத்தது. 2023 ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரு பகுதிகளாக வெளியிடப்பட்ட தேசிய எரிசக்தி மாற்றுப் பாதைத்திட்டம் 2050க்கு 70 விழுக்காடு என்றது. புதிய நிலக்கரி நிலையங்கள் இல்லை என்ற முடிவும், 2040களின் நடுப்பகுதிக்குள் உள்ளவற்றையும் படிப்படியாக மூடும் நோக்கமும் இதனோடு சேர்ந்தவை. நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இறக்குமதி நிலக்கரியிலிருந்து வரும் நிலையில் இவை துணிச்சலான முடிவுகள். 2022இல் உக்ரேன் போருக்குப் பின் நிலக்கரி விலை ஏறியபோது, 2023 தொடக்கத்தில் நடுத்தர, உயர் மின்னழுத்தப் பயனீட்டாளர்களுக்கு யூனிட்டுக்கு 20 சென் கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டதை எங்கள் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த விழுக்காடுகள் எல்லாம் நிறுவப்பட்ட திறனின், அதாவது நிலையங்கள் முழு வேகத்தில் தரக்கூடிய மெகாவாட்டின், விழுக்காடுகள். உற்பத்தியான மின்சாரத்தின் விழுக்காடுகள் அல்ல. வேறுபாட்டைக் காட்ட நம் மாதிரி ஆலைக்கே திரும்புவோம். அதன் ஒரு மெகாவாட் எஞ்சின் தரும் 70 லட்சம் யூனிட்டைச் சூரியத் தகடுகளிலிருந்து பெற மலேசிய வெயிலில் ஐந்து மெகாவாட் தகடுகள் வேண்டும். இலக்குப் பட்டியலில் தகடுகள் ஐந்து என்று ஏறும்; எஞ்சின் ஒன்று என்று ஏறும். மின்சாரம் ஒன்றே. எஞ்சின் இரவிலும் ஓடும் என்பதும், குளத்தை மூடியிருக்கிறது என்பதும் பட்டியலில் ஏறாது. சூரியத் தகடு இப்போது மலிவு. அதை விரைவாகப் பெருக்குவது சரியான முடிவே. ஆனால் ஒரு மெகாவாட்டுக்கு எது மலிவு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், குளம் திறந்தபடியே கிடக்கும்.

சூரியத் தகட்டிலும் தோட்டப்புற மக்களுக்கு ஒரு கதவு மூடியிருக்கிறது. 2016 நவம்பரில் தொடங்கி 2025 ஜூனில் முடிந்த வீட்டுக்கூரை மின்திட்டத்தில் சேர, கூரை ஒருவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டியிருந்தது. லயத்து வீடு தோட்டத்திற்குச் சொந்தம். மலிவு விலை அடுக்குமாடியின் கூரை எல்லாருக்கும் பொது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இடம்பெயர்ந்தவர்களில் பலர் இந்த இரண்டில் ஒன்றில்தான் வாழ்கிறார்கள். இது தனியே எழுதப்பட வேண்டியது.

2021இல் மலேசியா உலக மீத்தேன் உறுதிமொழியில் இணைந்தது. 2022 டிசம்பரில் மலேசியப் பங்குச்சந்தை கரிமச் சந்தை ஒன்றைத் தொடங்கியது. பிடித்த மீத்தேனுக்கு விலை கொடுக்கும் வழிகள் மீண்டும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. இவற்றை மின்துறைத் திட்டத்தோடு பிணைப்பதற்கு மூன்று செயல்கள் போதும் என்று கருதுகிறேன். விரிவாக்கம் கேட்காத பழைய ஆலைகளுக்கும் ஓர் ஆண்டைக் குறித்து மூடிய தொட்டியைக் கட்டாயமாக்க வேண்டும். கம்பி எட்டாத ஆலை வாயுவைக் கொதிகலனில் எரித்தாலும், சுத்திகரித்து உருளையில் அடைத்து விற்றாலும், அதை மின்சாரத்திற்கு நிகராக எண்ண வேண்டும். துணை மின்நிலையம்வரையிலான கம்பிச் செலவைத் தனி ஆலையிடம் விடாமல், ஒரே வட்டாரத்து ஆலைகள் நான்கைந்தைச் சேர்த்துக் கட்டமைப்பின் செலவாக ஏற்க வேண்டும்.

இதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. காப்பார் நிலையத்தின் மின்விற்பனை ஒப்பந்தம் 2029இல் முடிகிறது. அதைப் பற்றிப் பல கூட்டங்கள் நடக்கும். 2012இல் இயங்கத் தொடங்கிய உயிர்வாயு எஞ்சின்களின் 16 ஆண்டு ஒப்பந்தம் 2028இலேயே முடியத் தொடங்குகிறது. அன்று எஞ்சின் தேய்ந்திருக்கும், 32 சென் விலை இருக்காது. புதிய விலை அறிவிக்கப்படாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கழிவுநீரைப் பழைய குளத்திற்கே திருப்பிவிடுவது ஆலைக்குச் செலவில்லாத வழி. நிறுவப்பட்ட திறனில் ஒரு மெகாவாட் குறைந்தது என்று மட்டும் அது பதிவாகும்.